ஆர்மோனியத்தின் மேல் ஒரு கிண்ணம்

ஆறு மாதம் வரைக்கும் என் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்வந்தேன். மாற்றுத் துணி இரண்டு, துடைக்க ஒரு துண்டு, அவ்வளவுதான் மூட்டை. சாப்பாடு என்னிடமே இருந்தது. பஸ்ஸில் அழுதால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன், வேலை முடிந்தது. அவள் சோறு தின்ன ஆரம்பித்தாள், எனக்கு வினை ஆரம்பித்தது.

ஒரு வாய்ச் சோறு வீட்டை விட்டு வெளியே கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு ஒரு கிண்ணம் வேண்டும். கிண்ணத்துக்கு மூடி வேண்டும். மூடி கழலாமல் இருக்க ரப்பர் பேண்டு வேண்டும். விக்கினால் கொடுக்க வெந்நீர், துப்பினால் துடைக்கத் துணி, உட்காருகிற இடத்தில் விரிக்க இன்னொரு துணி, சாப்பிட்டதும் போவாளே, அதற்கு ரப்பர் ஷீட்டு, ஈர ஜட்டியைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் பை. இரண்டு மணி நேரம் வெளியே போய்வர இவ்வளவு. சொல்லும்போது இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அந்த வருஷம், 1991, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு எங்கள் சபைக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கப் போவது நானா, வேறு ஒருவரா என்பதே அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது.

எங்கள் வீடு ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில். கோயில் அதே ரோட்டில், வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் நடக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது அந்தக் கோயிலில் கால் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. மேஜை மாதிரி உயரமான மரப்பெட்டி, கீழே இரண்டு மிதி. கால்களால் மாற்றி மாற்றி மிதித்துக் காற்று ஏற்றினால் இரண்டு கைகளாலும் வாசிக்கலாம். வாசிக்க ஆளில்லாமல் அதன்மேல் துணி விரித்துப் பூ ஜாடி வைத்திருந்தார்கள். செங்கல்பட்டில் மிஷன் பள்ளி விடுதியில் படித்தபோது கற்றுக்கொண்டவள் நான். பூ ஜாடியை இறக்கி, எலி கடித்த துருத்திக்கு ஒட்டுப் போட வைத்து, அதைத் திறந்தது நான்தான். இந்த ஊரில் என்னை இன்னார் வீட்டு மருமகள் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோயிலில் மட்டும் நான் ஆர்மோனியம் வாசிக்கிற அம்மா. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. மனசில்லை என்று சொல்வதுகூடக் குறைவு. தலைகீழாக நின்றாவது வாசிப்பது என்று இருந்தேன்.

பண்டிகைப் பாட்டுக்கு ஒத்திகை ஐப்பசியிலேயே தொடங்கிவிடும், சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு. மகளுக்குப் பசிக்கிறது நான்கு மணிக்கு. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. சனிக்கிழமை என்றால் என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஓவர்டைம். அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். அவரும் சனிக்கிழமை வேலைக்குப் போய்விடுவார். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வண்டி விளக்குகளுக்குக் கண்ணாடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் பேக்கிங் செக்‌ஷன். அப்போதெல்லாம் இந்தப் பக்கம் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. வேலை கிடைத்தவர்கள் லீவு போடப் பயப்படுவார்கள்.

ஆள் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம். என் மகள் என் கையில் தவிர வேறு யார் கையிலும் சாப்பிடமாட்டாள். நான் 'ஆ' என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும், அதைப் பார்த்து அவள் திறப்பாள். அண்ணி ஊட்டினால் உதட்டை ஒட்டிக்கொள்வாள். காரணம் எனக்குத் தெரியும். அண்ணி வாயைத் திறக்கமாட்டார். கம்பெனியில் ஒரு பெட்டி சரிந்து முகத்தில் மோதியதில் முன்பற்கள் இரண்டு போய்விட்டன. அன்றிலிருந்து பேசும்போதும் சிரிக்கும்போதும் முந்தானை வாய்க்கு வந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார், அது வேறு. ஆனால் கோயிலில் பாட்டுப் பாடும்போது அவர் உதடு அசைந்து நான் பார்த்ததில்லை.

முதல் சனிக்கிழமை ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து, டிபன் பாக்ஸில் போட்டு, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

"இன்னாமா, கொயம்பா ரசமா?"

"ரசங்க" என்றேன். எனக்கு உயிரே போய்விட்டது.

"அப்ப பரவால்ல. கொயம்புன்னா கறை போவாது" என்றார்.

ஒயர் கூடையில் எத்தனை ஓட்டை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரசமெல்லாம் பெரியவர் வேட்டியில் போனபிறகு மிச்சமிருந்த சோறு கட்டிதட்டிப் போயிருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் மகள் அழ ஆரம்பித்தாள். எழுந்து போய் ஊட்டினேன், துப்பினாள். திரும்பி வந்து வாசித்தேன், அழுதாள். மறுபடியும் எழுந்து போனேன். கொயரில் பாட நின்றவர்கள் பாட்டை நிறுத்துவதும் தொடங்குவதுமாக, கடைசியில் எந்த வரியில் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் நல்ல மனிதர். கோபப்படமாட்டார். அதுதான் கஷ்டம், கோபப்பட்டால் பதிலுக்கு நானும் கோபப்படலாம்.

"நான் தப்பா சொல்லலம்மா. குழந்தை வளர்ற வரைக்கும் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கலாமே. காஞ்சிபுரத்துல ஒரு தம்பி கீபோர்டு வாசிக்கிறார். தபலா, டிரம் எல்லாம் அதுக்குள்ளயே வந்துடுது. இந்தப் பண்டிகைக்கு மட்டும் அவரக் கூப்பிடலாம்."

இந்த 'மட்டும்' எனக்குத் தெரியாததா. தபலாவும் டிரம்மும் உள்ளேயே வருகிற பெட்டியை ஒரு தரம் கேட்டுவிட்டால் அப்புறம் யார் என்னைத் தேடப் போகிறார்கள். என் ஆர்மோனியத்தின் மேல் மறுபடியும் பூ ஜாடி ஏறிவிடும்.

"அடுத்த சனிக்கிழமை பாருங்க ஐயா" என்றேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரர், "ஒரு வருசம் வாசிக்கலன்னா இன்னா ஆயிடும்" என்றார். நான் பார்த்த பார்வையில் அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அண்ணிதான் ஒயர் கூடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த எவனாவது பேக்கிங்னு சொல்லுவானா? எங்க சூப்பர்வைசர் பார்த்தா உன்ன கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவான். அடுத்த வாரம் நான் கட்டித் தரேன்."

கட்டித் தந்தார். சனிக்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் உட்கார்ந்து, ஒரு ரெக்சின் பையில், கண்ணாடி அனுப்புகிற மாதிரியே கட்டினார். கனமானது கீழே என்று கிண்ணத்தை அடியில் வைத்தார். சுற்றிலும் துணிகளைத் திணித்தார். வெந்நீர் பாட்டிலுக்கு நியூஸ் பேப்பர் சுருட்டினார். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் அட்டை. எல்லாவற்றையும் சணலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு எழுந்து நின்று, பையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, தரையில் தொப்பென்று போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டெஸ்டு" என்றார். "தொறந்து பாரு, ஒரு சொட்டு வெளிய வந்திருக்காது."

உண்மையிலேயே வரவில்லை. மறுபடியும் கட்டி முடித்துவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய் ஒரு கரித்துண்டு கொண்டுவந்து சணலுக்கு அடியில் செருகினார்.

"இது எதுக்கு அண்ணி?"

"சோத்த எடுத்துக்கினு உச்சி வெயில்ல ஏரிக்கரை மேல போற. ஒரு கரி இருக்கட்டும். காத்து கருப்பு அண்டாது."

"நாம வேதக்காரங்க. கோயிலுக்குப் போறேன் நான்."

"வேதம் வேற, காத்து வேற. அதுக்கும் இதுக்கும் இன்னா சண்ட" என்றார். வேன் வருகிற நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் கரியை எடுத்து எறிந்திருப்பேன். சணல் விடவில்லை.

பஸ்ஸில் பையை யார் மிதித்தாலும் அசையவில்லை. ஏரிக்கரையில் நடக்கும்போது ராணி மாதிரி நடந்தேன். நான்கு மணிக்கு மகள் சிணுங்கினாள். பாட்டு முடிந்ததும் கிடைத்த இடைவெளியில் பையைத் திறக்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன். கொயரில் இரண்டு பெண்கள் ஓடிவந்து அவர்களும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்தார்கள். ஒன்று அவிழ்ந்தால் அட்டை. அட்டைக்குக் கீழே துணி, துணிக்குக் கீழே அட்டை. என் பிள்ளையின் சாப்பாடு பாதாளத்தில் இருந்தது. கிண்ணம் உடையாமல் போய்ச் சேருவதைப் பற்றி மட்டும் யோசித்த அண்ணி, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருத்தி அதைத் திறக்க வேண்டுமே என்பதை யோசிக்கவில்லை. கம்பெனியில் அது அடுத்தவன் வேலை.

நாங்கள் மூன்று பேரும் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். நிம்மதியாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாய், மூக்கு, கன்னமெல்லாம் கறுப்பு. சணலை இழுத்ததில் கரி தெறித்து விழுந்திருக்கிறது, அவள் எடுத்து நன்றாகச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

சபை மூப்பர் ஒருவர் எப்போதும் முன் வரிசையில் உட்கார்ந்து ஒத்திகை கேட்பார். அவர் எழுந்து வந்து குழந்தையையும் கரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோயிலுக்குள்ள கரி எப்படி வந்துது? இதெல்லாம் இன்னா மந்திர வேல?"

"அடுப்புக் கரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது. அண்ணியைக் காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை.

ஐயர் அன்றைக்கும் கோபப்படவில்லை. "கடைசி ஒத்திகை வரைக்கும் பார்க்கலாம்மா. எதுக்கும் அந்தத் தம்பியையும் வரச் சொல்லிடறேன்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. குழந்தையின் தலையில் ரெக்சின் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். பஸ் ஏறும்போது அழுகை நின்றுவிட்டது. ஒரு கை பார்த்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

எப்படி என்பது ஒரு வாரம் கழித்துத் தோன்றியது. மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வலது கையில் சோறு. இடது கை சும்மா இருக்காமல் உட்கார்ந்திருந்த பலகையின் மேல் பண்டிகைப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று நிறுத்தினேன். எனக்கு இரண்டு கை இருக்கிறது. ஆர்மோனியத்துக்குக் காற்று ஏற்றக் கால் போதும். ஒரு கை வாசிக்கட்டும், ஒரு கை ஊட்டட்டும். எழுந்து போவானேன், பாட்டை நிறுத்துவானேன்.

உடனே கிண்ணத்தை இடது பக்கம் மாற்றினேன். ராகத்தை எப்போதும் வலது கைதான் வாசிக்கும், அதனால் இடது கையால் ஊட்டிப் பழகலாம் என்று ஒரு வாய் எடுத்தேன். எங்கிருந்தோ வந்த அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"ஏய் பொண்ணே, எந்தக் கையில ஊட்டற? சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத கொயந்தையா நீ?"

விஷயத்தைச் சொன்னேன். "ஆர்மோனியத்துக்காக எங்க கொயந்த பீச்சாங்கையில துன்னுமா? நான் உசுரோட கீற வரைக்கும் நடக்காது" என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்த ஒரு வாயை எடுக்கும்போதே கை கூசியது.

சரி, பீச்சாங்கை சோற்றைத் தொடக்கூடாது. ஆர்மோனியத்தைத் தொடலாமே. யாரும் தடுக்கவில்லையே.

வீட்டில் ஆர்மோனியம் இல்லை. மாவு பிசைகிற பலகையை எடுத்து, அண்ணியின் அடுப்புக் கரியாலேயே கட்டைகளை வரைந்தேன். கறுப்புக் கட்டைகளுக்கு நன்றாகத் தேய்த்தேன். தினமும் மூன்று வேளை அவளுக்கு ஊட்டும்போதெல்லாம் இடது கையால் அந்தப் பலகையில் வாசித்தேன். சத்தம் வராத வாசிப்பு. வாயால் பாடிக்கொள்வேன். முதலில் இடது கை ஒரு பக்கம் போனால் வலது கையும் கூடவே போனது, சோறு அவள் காதுக்குப் போனது. கறிவேப்பிலை உருவத்தான் அந்த இடது கை லாயக்கு என்று நினைத்திருந்தேன். விடவில்லை. அண்ணி கடந்து போகும்போதெல்லாம், "தப்புத் தப்பா வாசிக்கிற" என்பார். சத்தமே இல்லாத பலகையில் என்ன தப்பைக் கண்டாரோ.

சாப்பாட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு கையால் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஒழுகக் கூடாது, கட்டைகளில் ஒட்டக் கூடாது, உலரவும் கூடாது. பருப்பும் உருளைக்கிழங்கும் சோறும் ஒன்றாக வேகவைத்து, நெய் விட்டு மசித்து, வேர்க்கடலை அளவுக்கு உருட்டி, ஈரமான வெள்ளைத் துணி போட்டு மூடினால் சாயங்காலம் வரை மெத்தென்று இருந்தது. ஈறில் வைத்தாலே கரைந்துவிடும். கிண்ணத்துக்கு அடியில் ஓர் ஈரத்துணி மடித்து வைத்தால் ஆர்மோனியம் எவ்வளவு ஆடினாலும் கிண்ணம் நகராது. வெந்நீருக்கு மூக்கு வைத்த பாலாடைச் சங்கு. அதை ஒரே கையால் சாய்க்கலாம். ஒயர் கூடையும் வேண்டாம், சணலும் வேண்டாம். பழைய பாவாடையைக் கிழித்து, தோளில் மாட்டுகிற பை ஒன்று தைத்தேன், உள்ளே அறை அறையாக. முதலில் தேவைப்படுவது மேலே. இருட்டில் கையை விட்டாலும் எது எங்கே என்று தெரியும்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மழை கொட்டி ஒத்திகை நடக்கவில்லை, அல்லது நடந்தும் பாதிப் பேர் வரவில்லை. கடைசி ஒத்திகைக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். மகளை என் வலது பக்கம் பெஞ்சில் உட்காரவைத்து, அவளையும் என் இடுப்பையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டினேன். கிண்ணத்தை ஆர்மோனியத்தின் மேல் வைத்தேன். நான்கு மணிக்கு அவள் வாயைத் திறந்தாள். என் வலது கை கிண்ணத்துக்குப் போனது, இடது கை நிற்கவில்லை. ராகம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் போனது, அவ்வளவுதான். பின்வரிசை ஆண்கள் முதல் தடவையாகச் சத்தமாகப் பாடினார்கள். "இப்பதான் நம்ம தொண்டைக்கு எட்டுது" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். ஒரு பாட்டுகூட நிற்கவில்லை. கிண்ணம் காலியானது.

நான் நிமிர்ந்து ஐயரைப் பார்த்தேன். ஐயர் மூப்பரைப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார் மூப்பர். "ஆனா கோயிலா இன்னா, மெஸ்ஸா?"

ஐயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க உழைப்பு தெரியுதும்மா. ஆனா பண்டிகையன்னிக்கு வெளியூர் ஜனமெல்லாம் வருவாங்க. பெட்டி மேல கிண்ணம் இருந்தா பேச்சாயிடும். குழந்தைய யாருகிட்டயாவது குடுத்துட்டு உட்காருங்க. முடியலைன்னா தம்பி வாசிக்கட்டும்."

இவ்வளவு பாடுபட்டு ஒரு கையால் வாசிக்கப் பழகினால், அந்தக் கையே வேண்டாம் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகளை அண்ணி மடியில் உட்காரவைத்தேன். அண்ணி உதட்டை மூடிக்கொண்டு உருண்டையை நீட்டினார். மகளும் உதட்டை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாயத் தொறந்து காட்டுங்க அண்ணி. அப்பதான் தொறப்பா."

அண்ணி உருண்டையைக் கிண்ணத்தில் போட்டார். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தார். "என் வாயில இன்னா கீதுன்னு ஊரு பாக்கணுமா?" என்று அடுப்பங்கரையிலிருந்து சத்தம் வந்தது. நான் அப்புறம் கேட்கவே இல்லை. கேட்டிருக்கவே கூடாது என்று இருந்தது.

பண்டிகை விடியற்காலை ஆராதனைக்கு இருட்டிலேயே கிளம்பினோம். நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். கிண்ணம், ஈரத்துணி, பாலாடை, எல்லாம் அதனதன் அறையில். கிளம்பும்போது அண்ணி பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு கரித்துண்டு போடுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் ஜனம். கீபோர்டுத் தம்பி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் கறுப்புப் பெட்டி. அவர்மேல் குற்றமில்லை, கூப்பிட்டார்கள், வந்தார். இருந்தாலும் அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பாட்டும் இரண்டாம் பாட்டும் மகள் அண்ணி மடியில் தூங்கினாள். பிரசங்கம் நீண்டது. ஜன்னலில் வெயில் வந்தது. காணிக்கைப் பாட்டுக்கு நான் கட்டையில் கை வைக்கவும் பெண்கள் பக்கமிருந்து அவள் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

சிணுங்கல் அழுகையாகி, அழுகை வீறிடலானது. நான் வாசித்துக்கொண்டேயிருந்தேன். ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் வலது கை தானாகவே கட்டையை விட்டு எழுந்து, ஆர்மோனியத்தின் மேல் கிண்ணம் இருக்கிற இடத்துக்குப் போனது. அங்கே கிண்ணம் இல்லை. முன் வரிசையில் டக், டக் என்று கறுப்புப் பெட்டியின் கொக்கிகள் திறக்கிற சத்தம் கேட்டது. மூப்பர் ஐயரைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது அண்ணி எழுந்து வந்தார். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கிண்ணம், தோளில் பை. நேராக ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து, ஜனங்களைப் பார்த்தபடி நின்றார். என்னைப் பார்த்தால்தான் பிள்ளை அழுகையை நிறுத்துவாள் என்று அவருக்குத் தெரியும். நிறுத்தினாள். கிண்ணத்தைப் பெட்டியின் மேல் வைக்காமல், பிள்ளையைப் பிடித்த கையின் விரலிடுக்கில் மாற்றிக்கொண்டு, ஓர் உருண்டையை நீட்டினார். அவள் உதடு ஒட்டிக்கொண்டது.

அண்ணி கீபோர்டுத் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயில் கவ்வியிருந்த முந்தானையை விட்டார். அவ்வளவு ஜனத்துக்கு முன்னால் வாயை அகலத் திறந்தார்.

"ஆ" என்றார்.

பல் இல்லாத இடம் எல்லாருக்கும் தெரிந்தது. மகள் அந்த ஓட்டையை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் அந்த இடத்தில் பல் இன்னும் வரவில்லை. விரலை நீட்டி அதைத் தொட்டாள், சிரித்தாள், வாயைத் திறந்தாள். உருண்டை உள்ளே போனது. அண்ணி மறுபடியும் வாயைத் திறந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜனங்கள் விட்ட வரியிலிருந்து பாட ஆரம்பித்தார்கள்.

என் வலது கை கட்டைக்குத் திரும்பி வந்தது. இடது கைக்கு இத்தனை வாரப் பழக்கத்தில் தன் பலம் தெரிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து இறங்கியபோது அந்தப் பழைய பெட்டியிலிருந்து வந்த சத்தத்தை நானே அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கையில்லை, அழுதுகொண்டே வாசித்தேன். முன் வரிசையில் கொக்கிகள் மறுபடியும் மூடிக்கொண்ட சத்தமும் கேட்டது.

ஆராதனை முடிந்து ஏரிக்கரை மேல் நடந்தோம். மகள் அவள் அப்பா தோளில் தூங்கிவிட்டாள். அண்ணி பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போனார், முந்தானை மறுபடியும் வாய்க்கு வந்துவிட்டது. எனக்கு அவரிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது, எட்டி நடந்தேன். அவரே திரும்பினார்.

"காணிக்கைப் பாட்ட இன்னா அவ்ளோ வேகமா வாசிக்கிற? கொயந்த மென்னு முழுங்க வேணாமா?"

"சரி அண்ணி" என்றேன்.

"அடுத்த பண்டிகைக்கு மெதுவா வாசி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.